ஊர் வானொலி, உலகச் செவி

பாட்காஸ்ட் என்ற கலையை வளர்த்து உலகத்தின் கையில் கொடுத்தது சிகாகோவின் ஒரு பொது வானொலி நிலையம். புகழ்பெற்ற நிகழ்ச்சிகள் ஒவ்வொன்றாக வாசலைத் தாண்டிப் போய்விட்டன. ஊருக்கென்று மிஞ்சியது என்ன?

1999 ஜனவரியில் அமெரிக்காவின் பால்டிமோர் பகுதியில் ஹே மின் லீ என்ற பள்ளி மாணவி காணாமல் போனார். சில வாரங்களில் ஒரு பூங்காவில் அவருடைய உடல் கிடைத்தது. அவருடன் படித்த முன்னாள் காதலர் அட்னான் சையதுக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. உள்ளூர்ச் செய்தித்தாள்களோடு முடிந்துபோன அந்த வழக்கை, பதினைந்து ஆண்டு கழித்து லண்டனிலும் சிட்னியிலும் பெங்களூருவிலும் விவாதித்தார்கள். ‘கொலை செய்தது அவன்தானா?’ என்று ரயிலிலும் அலுவலகத்திலும் வாதிட்டவர்களில் பெரும்பாலோர் பால்டிமோர் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூடத் தெரியாதவர்கள்.

அந்த விவாதத்தைக் கிளப்பியது 2014 அக்டோபர் 3 அன்று வெளிவரத் தொடங்கிய ‘சீரியல்’. மொத்தம் 12 அத்தியாயங்கள். நடத்தியவர் சாரா கீனிக், முன்பு பால்டிமோர் சன் நாளிதழில் நிருபராக இருந்தவர். ஐடியூன்ஸில் 50 லட்சம் டவுன்லோடுகளை அதுவரை எந்தப் பாட்காஸ்டும் அவ்வளவு வேகமாக எட்டியதில்லை. ஒலிபரப்புத் துறையின் உயரிய விருதான பீபாடி, முதல்முறையாக ஒரு பாட்காஸ்டுக்குப் போனது.

ஒவ்வொரு அத்தியாயத்திலும் தயாரிப்பாளராக ஒரு நிலையத்தின் பெயர் வந்துகொண்டிருந்தது: டபிள்யூ.பி.இ.இஸட்., சிகாகோ. உலகம் கேட்ட தொடருக்குப் பின்னால் இருந்தது ஒரு நகரத்தின் பொது வானொலி. அரசு வானொலியும் அல்ல, தனியார் எஃப்.எம். நிலையமும் அல்ல, நேயர்கள் தரும் நன்கொடையை நம்பி நடக்கும் நிலையம்.

வகுப்பறைக்குப் பிறந்தது

அந்த நிலையம் 1943-ல் பிறந்தபோது அதன் உரிமையாளர் சிகாகோ கல்வி வாரியம். பள்ளிக்கூட வகுப்பறைகளில் ஒலிப்பெட்டி வைத்துப் பாடம் கேட்கச் செய்வதுதான் வேலை. 1970-களின் தொடக்கத்தில் நேஷனல் பப்ளிக் ரேடியோ, அதாவது என்.பி.ஆர்., உருவானபோது அதன் வலையமைப்பில் சேர்ந்தது. 1990-ல் கல்வி வாரியத்தின் கையிலிருந்து லாப நோக்கமற்ற ஒரு அமைப்புக்கு மாறியது. மிச்சிகன் ஏரிக்குள் நீண்டு கிடக்கும் நேவி பியர் என்ற பழைய படகுத்துறையில்தான் அதன் ஒலிப்பதிவுக் கூடங்கள்.

1995 நவம்பரில் அங்கே ஒரு வாராந்திர நிகழ்ச்சி ஆரம்பித்தது. முதலில் அதற்கு வேறு பெயர். சில மாதங்களில் ‘திஸ் அமெரிக்கன் லைஃப்’ ஆனது. நடத்தியவர் ஐரா கிளாஸ். பத்தொன்பது வயதில் என்.பி.ஆரில் பயிற்சியாளராக நுழைந்து, டேப்பை வெட்டி ஒட்டும் வேலையிலிருந்து மேலே வந்தவர். நிலையத்தின் தலைவர் டோரி மலாட்டியா துணை நின்றார். மெக்ஆர்தர் அறக்கட்டளை பணம் கொடுத்தது.

அன்றைய வானொலி அறிவிப்பாளர்கள் மேடைக் குரலில் பேசினார்கள். கிளாஸ் நம் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல் பேசினார். தடுமாறுவார், சிரிப்பார், நடுவில் நிறுத்துவார். ஒவ்வொரு வாரமும் ஒரு கருப்பொருள். அதற்குள் மூன்று நான்கு கதைகள். எல்லாம் சாதாரண மனிதர்கள் சொல்வது. கதையை அடுக்குவதில் அவருக்கு ஒரு கணக்கு இருந்தது. ஒரு சம்பவம், அடுத்து என்ன என்று கேட்க வைக்கும் இன்னொரு சம்பவம், பிறகு சற்றே நின்று ‘இதற்கு என்ன அர்த்தம்’ என்று ஒரு யோசனை. அந்த யோசனை வரும் இடத்தில் பின்னணி இசை நிற்கும். கேட்பவர் காதில் அந்த ஒரு வரி மட்டும் விழும். இன்று உலகில் எந்த மொழியில் கதைப் பாட்காஸ்ட் கேட்டாலும் இந்த இலக்கணத்தின் சாயல் இருக்கும்.

2020-ல் புலிட்சர் விருதில் ஒலிவழி இதழியலுக்கு முதன்முறையாக ஒரு பிரிவு தொடங்கினார்கள். அதில் முதல் பரிசும் இந்த நிகழ்ச்சிக்குத்தான் கிடைத்தது, மெக்சிகோ எல்லையில் காத்துக் கிடந்த அகதிகளைப் பற்றிய அத்தியாயத்துக்காக.

அலைவரிசையின் எல்லை உடைந்தபோது

எஃப்.எம். அலை எவ்வளவு சக்திவாய்ந்ததாக இருந்தாலும் நகரத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் கரகரத்து அடங்கிவிடும். ஒரு ஊர் நிலையத்தின் நிகழ்ச்சி அடுத்த ஊருக்குப் போக வேண்டுமானால் அங்குள்ள நிலையம் கட்டணம் கட்டி அதை வாங்கி ஒலிபரப்ப வேண்டும். நேரம் தவறினால் நிகழ்ச்சி போயிற்று.

2000-களின் தொடக்கத்தில் ஆர்.எஸ்.எஸ். எனப்படும் செய்தியோடையில் ஒலிக்கோப்பையும் இணைத்து அனுப்பும் வழி பிறந்தது. 2005 ஜூனில் ஆப்பிள் நிறுவனம் தன் ஐடியூன்ஸில் பாட்காஸ்டுக்கு இடம் கொடுத்தது. பொது வானொலி நிலையங்கள் உடனே உள்ளே வந்தன. அவர்களிடம்தான் ஒலிப்பதிவுக் கூடம் இருந்தது, பயிற்சி பெற்ற தயாரிப்பாளர்கள் இருந்தார்கள், கிடங்கு நிறைய நிகழ்ச்சிகள் இருந்தன. ஆனாலும் சுமார் பத்தாண்டு காலம் பாட்காஸ்ட் என்பது தேடிப் போய்க் கேட்பவர்களின் பழக்கமாகவே இருந்தது.

2014 செப்டம்பரில் வந்த ஐஓஎஸ் 8 அதை மாற்றியது. பாட்காஸ்ட் செயலியை நேயர் தேடி நிறுவ வேண்டிய அவசியம் போய், ஐபோனோடு சேர்ந்தே அது வந்தது. சில வாரங்களில் ‘சீரியல்’ வெளியானது. கையில் செயலி இருந்தது. கேட்டே ஆக வேண்டிய தொடரும் வந்துவிட்டது.

பணத்துக்கும் ஒரு கதவு திறந்தது. அமெரிக்காவில் லாப நோக்கமற்ற வானொலி நிலையங்கள் ஒலிபரப்பில் வணிக விளம்பரம் செய்யக் கூடாது. ‘இந்த நிகழ்ச்சிக்கு உதவியவர்கள் இன்னார்’ என்று பெயரைச் சொல்லலாம்; விலை சொல்லக் கூடாது, ‘வாங்குங்கள்’ என்று அழைக்கக் கூடாது. அந்தக் கட்டுப்பாடு வானலைக்குத்தான். இணையத்தில் இறக்கிக் கேட்கும் பாட்காஸ்டுக்குப் பொருந்தாது. எனவே அதே தொகுப்பாளர் அதே குரலில் பாட்காஸ்டில் விளம்பரம் வாசிக்க முடிந்தது. ‘சீரியல்’ தொடங்கும்போது வரும் மெயில்சிம்ப் விளம்பரமே தனிப் புகழ் பெற்று நகைச்சுவைத் துணுக்காகியது. நன்கொடை கேட்டே பழகிய நிலையங்களுக்கு முதல்முறையாக விளம்பரப் பணத்தின் ருசி தெரிந்தது.

நாற்று ஒரு வயலில், அறுவடை வேறு வயலில்

இங்கிருந்துதான் கதை திரும்புகிறது.

2015-ல் ‘திஸ் அமெரிக்கன் லைஃப்’ நிகழ்ச்சியின் முழு உரிமையும் ஐரா கிளாஸின் கைக்கு மாறியது. அதற்குப் பல ஆண்டு முன்பே தொலைக்காட்சி வடிவத்துக்காக அவரது குழு நியூயார்க்குக்கு இடம்பெயர்ந்திருந்தது. 2017 மார்ச்சில் அலபாமாவின் ஒரு கடிகாரப் பழுதுபார்ப்பவரைப் பற்றிய ‘எஸ்-டவுன்’ வந்தது. ஏழு அத்தியாயங்களும் ஒரே நாளில். அதற்காக ‘சீரியல் புரொடக்ஷன்ஸ்’ என்ற தனி நிறுவனமே உருவாகியிருந்தது. 2020 ஜூலையில் அந்த நிறுவனத்தை நியூயார்க் டைம்ஸ் வாங்கியது.

போனவை நிகழ்ச்சிகள் மட்டும் அல்ல. கிளாஸிடம் பயின்ற அலெக்ஸ் ப்ளூம்பெர்க், 2008-ல் என்.பி.ஆரின் ‘பிளானட் மணி’யை உருவாக்கியவர்களில் ஒருவர். அவர் 2014-ல் கிம்லெட் என்ற தனியார் நிறுவனத்தைக் கூட்டாகத் தொடங்கினார். 2019-ல் ஸ்பாட்டிஃபை அதைச் சுமார் 23 கோடி டாலருக்கு வாங்கியது. நியூயார்க் டைம்ஸின் ‘தி டெய்லி’யைக் கட்டி எழுப்பியதிலும் பாஸ்டன் பொது வானொலியிலிருந்தும் என்.பி.ஆரிலிருந்தும் போன தயாரிப்பாளர்களின் கை இருந்தது. நன்கொடைப் பணத்தில் விதைத்து வளர்த்த நாற்றுகளை மற்றவர்கள் பிடுங்கிக்கொண்டுபோய்த் தங்கள் வயலில் நட்டார்கள்.

இதில் யாரையும் குறை சொல்லிப் பயனில்லை. பத்து ஆண்டு உழைத்த தயாரிப்பாளர் இரண்டு மடங்குச் சம்பளத்தை வேண்டாம் என்று எதற்குச் சொல்ல வேண்டும்? சிக்கல் அமைப்பில் இருக்கிறது. வானொலிக் காலத்தில் நேயருக்கு நிலையம்தான் தெரியும், 91.5-க்கு முள்ளைத் திருப்பினால்தான் நிகழ்ச்சி கிடைக்கும். பாட்காஸ்டில் நேயருக்குத் தெரிவது நிகழ்ச்சியும் அதை நடத்துபவரின் குரலும்தான். குரல் வேறு இடத்துக்குப் போனால் நேயரும் கூடவே போவார். நிலையத்தின் பெயர் பலருக்கு நினைவில்கூட இருக்காது.

நிலையங்களுக்கு இந்தப் பயம் அப்போதே இருந்தது. என்.பி.ஆருக்குப் பணம் வரும் வழிகளில் முக்கியமானது, உறுப்பு நிலையங்கள் நிகழ்ச்சிகளுக்காகக் கட்டும் கட்டணம். நேயர் நேரே பாட்காஸ்டுக்குப் போய்விட்டால் ஊர் நிலையத்துக்கு யார் நன்கொடை தருவார்கள்? 2016 மார்ச்சில் என்.பி.ஆர். தன் அறிவிப்பாளர்களுக்கு ஒரு விதி போட்டது. வானொலியில் பேசும்போது பாட்காஸ்டின் பெயரைக் குறிப்பிடலாம்; ஆனால் ‘டவுன்லோட் செய்து கேளுங்கள்’ என்று அழைக்கக் கூடாது. சொந்தப் பிள்ளையின் வளர்ச்சியைப் பார்த்துத் தாய் நிறுவனமே அஞ்சிய விசித்திரம் அது.

நியூயார்க்கிலும் அதே கதை

நியூயார்க்கின் டபிள்யூ.என்.ஒய்.சி. 1924 ஜூலை 8-ல் ஒலிக்கத் தொடங்கியது, நகராட்சியே நடத்திய நிலையமாக. 1945-ல் செய்தித்தாள் விநியோகத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, மேயர் லா கார்டியா அந்த நிலையத்தில் உட்கார்ந்து நகரத்துக் குழந்தைகளுக்காகச் சித்திரக்கதைகளை வாசித்துக் காட்டினார். 1990-களில் மேயர் ஜூலியானியின் நிர்வாகம் நிலையத்தைக் கைகழுவ முடிவெடுத்தது. நேயர்களின் அறக்கட்டளை 2 கோடி டாலர் தருவதாக ஒப்புக்கொண்டு அதை வாங்கியது.

2002-ல் அங்கே ஜாட் அபும்ராட் ‘ரேடியோலாப்’ தொடங்கினார். இசை படித்தவர். பிறகு மூத்த அறிவியல் செய்தியாளர் ராபர்ட் கிரல்விச் சேர்ந்தார். அறிவியலை ஒலியாலேயே விளங்கவைத்த நிகழ்ச்சி அது. குரல்களைத் துண்டாக்கி, அடுக்கி, ஒன்றின்மேல் ஒன்று ஏற்றி, ஒரு உயிரணு எப்படி இயங்குகிறது என்பதைக் கேட்கவே வைத்தார்கள். 2011-ல் அபும்ராட்டுக்கு மெக்ஆர்தர் நல்கை கிடைத்தது.

இந்த வெற்றியை நம்பி 2015-ல் நியூயார்க் நிலையம் ஒன்றரைக் கோடி டாலர் முதலீட்டில் ‘டபிள்யூ.என்.ஒய்.சி. ஸ்டுடியோஸ்’ என்ற தனிப் பாட்காஸ்ட் பிரிவையே தொடங்கியது. ‘டூ டோப் குவீன்ஸ்’, ‘மோர் பெர்ஃபெக்ட்’, ‘டாலி பார்ட்டன்ஸ் அமெரிக்கா’ என்று பேசப்பட்ட தொடர்கள் வந்தன. ஆனால் அங்கிருந்தும் ஆட்கள் போனார்கள். கிம்லெட்டின் புகழ்பெற்ற ‘ரிப்ளை ஆல்’ நிகழ்ச்சியை நடத்திய இருவரும் இந்த நிலையத்திலிருந்து போனவர்கள்தான். 2023-ல் பாட்காஸ்ட் விளம்பரச் சந்தை தளர்ந்தபோது பெரிய அளவில் ஆள்குறைப்பு நடந்தது. அன்னா சேல் 2014 முதல் நடத்திவந்த ‘டெத், செக்ஸ் அண்ட் மனி’யை நிலையம் கைவிட்டது, ஸ்லேட் இதழ் அதை எடுத்துக்கொண்டது.

அதே ஆண்டு மார்ச்சில் என்.பி.ஆர். தன் ஊழியர்களில் பத்தில் ஒரு பங்கைக் குறைத்து, ‘இன்விசிபிலியா’ உட்பட நான்கு பாட்காஸ்டுகளை நிறுத்தியது. விளம்பரப் பணத்தை நிரந்தர வருமானம் என்று நம்பி ஆளெடுத்ததன் விலை அது.

ஊரின் கேள்விகள்

சிகாகோவுக்குத் திரும்புவோம். ‘சீரியல்’ மூன்றாவது வாரத்தில் இருந்தபோது, 2014 அக்டோபர் 20 இரவு, அந்த நகரத்தின் தென்மேற்குப் பகுதியில் லக்வான் மெக்டொனால்ட் என்ற 17 வயதுக் கறுப்பினச் சிறுவனைப் போலீஸ்காரர் ஜேசன் வான் டைக் 16 முறை சுட்டார். கத்தியோடு பாய்ந்தான் என்று போலீஸ் தரப்பு சொன்னது. காவல் வாகனத்தின் கேமராவில் பதிவான வீடியோ வேறு விதமாகச் சொன்னது. சிறுவன் விலகி நடந்துகொண்டிருந்தான். அந்த வீடியோவைப் பொதுமக்கள் பார்க்க 400 நாள் ஆயிற்று. உடற்கூறு அறிக்கையை வெளியே கொண்டுவந்தவர் ஜேமி கால்வன். வீடியோவுக்காக வழக்குப் போட்டு வென்றவர் பிராண்டன் ஸ்மித். இருவரும் தனித்து இயங்கிய பத்திரிகையாளர்கள்.

உலகமே இன்னொரு நகரத்தின் கொலை வழக்கை அந்த நிலையத்தின் பெயரில் கேட்டுக்கொண்டிருந்த அதே மாதத்தில், அதன் சொந்த நகரத்தில் நடந்த சாவு இது. ஊர் நிலையத்தின் காது எந்தப் பக்கம் திரும்பியிருக்க வேண்டும் என்ற கேள்வியை இதைவிடக் கூர்மையாக யாரும் கேட்க முடியாது.

நிலையம் பின்னால் பதில் சொன்னது. 2018-ல் வான் டைக் மீதான விசாரணை தொடங்கியபோது, சிகாகோ டிரிப்யூன் நாளிதழோடு சேர்ந்து ‘16 ஷாட்ஸ்’ என்ற தொடரை வெளியிட்டது. நடத்தியவர் ஜென் வைட். நீதிமன்றத்தில் நடப்பதைத் தொடர்ந்து சொன்னதோடு, அந்த வழக்குக்குப் பின்னால் இருந்த காவல்துறை, நகராட்சி அரசியல் எல்லாவற்றையும் ஊராருக்கு விளக்கியது. அக்டோபர் 5 அன்று வான் டைக் இரண்டாம் நிலைக் கொலைக் குற்றவாளி என்று தீர்ப்பு வந்தது. பணியில் இருக்கும்போது சுட்டதற்காகச் சிகாகோ போலீஸ்காரர் ஒருவர் கொலைக் குற்றவாளி ஆனது சுமார் அரை நூற்றாண்டில் முதல்முறை.

இதற்கு முன்பே, 2012-ல், ஜெனிஃபர் பிராண்டல் அங்கே ‘கியூரியஸ் சிட்டி’ தொடங்கியிருந்தார். யோசனை எளிமையானது. எதைப் பற்றிச் செய்தி போடலாம் என்று ஆசிரியர் குழு முடிவு செய்வதற்குப் பதிலாக, நகரத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள விரும்புவதை நேயர் கேட்கிறார். வந்த கேள்விகளில் எதற்கு விடை தேடுவது என்று மற்ற நேயர்கள் வாக்களிக்கிறார்கள். கேள்வி கேட்டவரும் நிருபரோடு சேர்ந்து விடை தேடப் போகலாம். சிகாகோ ஆற்றின் அடியில் என்ன கிடக்கிறது என்பதுபோன்ற கேள்விகள். மேலோட்டமாகப் பார்த்தால் வேடிக்கை. ஆனால் ஆற்றுக்குள் இறங்கினால், கழிவுநீர் ஏரியில் கலக்காமல் இருக்க 1900-ல் அந்த ஆற்றின் ஓட்டத்தையே எதிர்த்திசைக்குத் திருப்பிய நகரத்தின் வரலாறு வந்துவிடும். இந்த முறையைப் பிற நிலையங்களும் பத்திரிகைகளும் கையாள்வதற்காக 2015-ல் ‘ஹார்க்கன்’ என்ற நிறுவனத்தையே பிராண்டல் தொடங்கினார்.

‘மேக்கிங் ஓப்ரா’, ‘மேக்கிங் ஒபாமா’ தொடர்களும் இந்த வகைதான். உலகப் புகழ் பெற்ற இருவரையும் சிகாகோ எப்படி உருவாக்கியது என்று அந்த ஊர்க்காரர்களே சொல்கிறார்கள். ஒபாமா தோற்ற 2000-ஆம் ஆண்டு நாடாளுமன்ற வேட்பாளருக்கான உட்கட்சித் தேர்தலைப் பற்றி வாஷிங்டன் நிருபரைவிடச் சிகாகோவின் தெற்குப் பகுதிக்காரருக்கு அதிகம் தெரியும். நேவி பியரில் இருக்கும் நிலையம் செய்தால்தான் அது சரியாக வரும்.

அடுத்தடுத்து விழுந்த அடிகள்

2022 ஜனவரியில் இந்தப் பொது வானொலி ஒரு துணிச்சலான காரியம் செய்தது. தள்ளாடிக்கொண்டிருந்த சிகாகோ சன்-டைம்ஸ் நாளிதழைத் தன்னோடு இணைத்துக்கொண்டது. அறக்கட்டளைகளும் நன்கொடையாளர்களும் 6.1 கோடி டாலர் தருவதாக வாக்களித்தார்கள். அதே ஆண்டு அக்டோபரில் நாளிதழின் இணையச் செய்திகள் சந்தா இல்லாமல் எல்லோருக்கும் திறக்கப்பட்டன.

2024 ஏப்ரலில் அதே நிறுவனம் 14 பேரை வேலையிலிருந்து அனுப்பியது. அதில் பாட்காஸ்ட் தயாரிப்பும் சிக்கியது. நகரத்தின் இளைஞர்களுக்காக நடந்த ‘வோக்கலோ’ வானொலியின் ஒலிபரப்பும் நின்றது. ‘சீரியல்’ பெயரில் உலகப் புகழ் அடைந்து பத்து ஆண்டு நிறையும் முன்பே, பாட்காஸ்டுக்கு ஆள் வைத்துக்கொள்வது அந்த நிலையத்துக்குப் பாரமாகிவிட்டது.

2025 ஜூலையில் இன்னொரு அடி. பொது ஒலிபரப்புக்காக ஒதுக்கியிருந்த சுமார் 110 கோடி டாலரை அமெரிக்க நாடாளுமன்றம் ரத்து செய்தது. 1967 சட்டத்தின்படி உருவாகி, அரசுப் பணத்தை நிலையங்களுக்குப் பகிர்ந்துவந்த பொது ஒலிபரப்புக் கழகம், அடுத்த மாதமே தன்னை மூடும் வேலையைத் தொடங்குவதாக அறிவித்தது. பணக்கார நேயர்கள் உள்ள சிகாகோ, நியூயார்க் போன்ற நகரங்கள் இதைத் தாங்கிக்கொள்ளலாம். நன்கொடை தர ஆளில்லாத கிராமப்புற நிலையங்களுக்கும் பழங்குடியினர் பகுதி நிலையங்களுக்கும் அந்தப் பணம்தான் மூச்சு.

அட்னான் சையதின் வழக்கும் இதற்கிடையில் பல திருப்பங்களைக் கண்டது. 2022 செப்டம்பரில் தண்டனை ரத்தாகி, 23 ஆண்டுக்குப் பிறகு வெளியே வந்தார். அந்த விசாரணையில் கொலையுண்ட பெண்ணின் சகோதரர் தனக்கு இது பாட்காஸ்ட் அல்ல, வாழ்க்கை என்ற பொருளில் பேசினார். தங்களுக்குப் போதிய அவகாசம் தரப்படவில்லை என்ற குடும்பத்தின் முறையீட்டால் 2023-ல் தீர்ப்பு மறுபடி உயிர்பெற்றது. 2024-ல் மேரிலாந்து உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. 2025 மார்ச்சில், இதுவரை சிறையில் கழித்ததே போதும் என்று ஒரு நீதிபதி தண்டனையைக் குறைத்ததால் சையது வெளியிலேயே இருக்கிறார். குற்றவாளி என்ற தீர்ப்பு நிற்கிறது. தொலைவில் இருந்து கேட்டவர்களுக்கு அது 12 அத்தியாயத்தில் முடிந்த மர்மக் கதை. அந்த ஊரில் இருப்பவர்களுக்கு அது முடியவில்லை.

யார் கொடுக்க வேண்டும்?

பாட்காஸ்ட் வந்ததால் ஊர் வானொலி அழிந்தது என்று சொன்னால் அது பொய். ‘திஸ் அமெரிக்கன் லைஃப்’, ‘ரேடியோலாப்’ இரண்டையும் வளர்த்தெடுத்தவை ஊர் நிலையங்கள்தான். உடனடி லாபம் கேட்காத பணமும், ஒரு மணி நேர நிகழ்ச்சிக்கு மாதக்கணக்கில் உழைக்கும் பொறுமையும் வேறு எங்கும் கிடைத்திருக்காது. எந்த விளம்பர நிறுவனமும் 1995-ல் ஐரா கிளாஸுக்குச் சம்பளம் கொடுத்திருக்காது.

தவறு நடந்தது கணக்கில். டவுன்லோட் எண்ணிக்கையே வெற்றி என்று ஆனபோது, நிலையங்கள் உலகத்துக்குப் பிடிக்கும் கதைகளின் பின்னால் ஓடின. அந்த ஓட்டத்தில் ஸ்பாட்டிஃபையோடும் நியூயார்க் டைம்ஸோடும் ஒரு ஊர் நிலையம் போட்டி போட முடியாது. ஆனால் மெக்டொனால்ட் வழக்கை நாள் தவறாமல் பின்தொடர்வதும், ஆற்றின் அடியில் என்ன இருக்கிறது என்று கேட்ட நேயரைக் கூட்டிக்கொண்டு போவதும் அந்தப் பெருநிறுவனங்களுக்கு வேண்டாத வேலை. அங்கே ஊர் நிலையத்துக்குப் போட்டியே இல்லை. லாபமும் இல்லை.

உலகம் கேட்கும் நிகழ்ச்சிக்கு எப்போதும் ஒரு முதலாளி கிடைப்பார். ஊர் மட்டும் கேட்கும் நிகழ்ச்சிக்கு அந்த ஊரார்தான் முதலாளி. அரசுப் பணம் போய், விளம்பரப் பணமும் சுருங்கிவிட்ட இன்றைய நிலையில், மாதம் பத்து டாலர் தரும் நேயர்தான் அமெரிக்கப் பொது வானொலியின் கடைசித் தூண். அவர் கொடுப்பதை நிறுத்தினால், உலகக் கதைகள் எங்கிருந்தாவது வந்துகொண்டேதான் இருக்கும். அவருடைய ஊர்க் கதையைச் சொல்லத்தான் ஆள் இருக்காது.